அந்த அஞ்சு ரூபா எங்கே தூங்கும்?

கேள்வி கேட்ட தம்பிக்கு வயது 27. சோழிங்கநல்லூரில் வேலை, கைக்கு வரும் சம்பளம் 58,000, நண்பர்களோடு வேளச்சேரியில் வாடகை வீடு. அப்பா விழுப்புரம் பக்கம் கரும்பு விவசாயி. மாதம் இருபதாம் தேதிக்கே கணக்கு காலியாகிவிடுகிறது, கிரெடிட் கார்டில் 'கொஞ்சம்' பாக்கி இருக்கிறது, கூடப் படித்தவன் பெரும்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கிவிட்டான். பணம், முன்னேற்றம் என்று வரும் வீடியோக்களை இரவெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் இப்படிக் கேட்கிறார்: "என் மனப்போக்கிலேயே ஏதோ கோளாறு இருக்கிறது. பணத்தைப் பற்றி ஆரோக்கியமான மனநிலையை எப்படி வளர்த்துக்கொள்வது? நானும் எப்போது ஆளாவது?"

தம்பி, 33 வருடம் வங்கியில் குப்பை கொட்டிவிட்டு நங்கநல்லூரில் ஓய்வாக உட்கார்ந்திருப்பவன் நான். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனப்போக்கு பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு பூக்கார அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2004 வாக்கில் மயிலாப்பூரில் ஒரு கிளையில் இருந்தேன். கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதியில் அந்த அம்மா பூ விற்பார். விடிவதற்கு முன்னால் கோயம்பேடு போய் மல்லியும் கனகாம்பரமும் வாங்கி வருவார். அதற்கு முதலாகப் போடும் பணம், வட்டிக்காரரிடம் காலையில் வாங்கும் 1,000 ரூபாய். ராத்திரி கடையைக் கட்டும்போது 1,050 திருப்பித் தரவேண்டும். மறுநாள் மறுபடி 1,000. ஒரு நாளைக்கு ஐந்து சதவீத வட்டி! வருடக் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் நமக்கே தலை சுற்றும்.

வங்கிக்காரனுக்கே உரிய அதிகப்பிரசங்கித்தனத்தோடு ஒரு நாள் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். "அம்மா, தினம் அஞ்சே அஞ்சு ரூபா தனியா எடுத்து வையுங்க. மறுநாள் 995 மட்டும் கடன் வாங்குங்க. வட்டியில மிச்சமாகுற நாலணாவையும் அதோட சேர்த்துக்கிட்டே வாங்க. ஐம்பதே நாள்ல உங்க முதல் உங்க காசு, கடனே வேண்டாம்." கணக்கு சரிதான், நீங்களும் போட்டுப் பாருங்கள். அந்த அம்மா பூத் தொடுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்:

"கணக்கு எனக்கும் தெரியும் சார். அந்த அஞ்சு ரூபா ராத்திரி எங்க தூங்கும்? என் முந்தானையிலயா? பேரன் ஐஸ் கேப்பான். பக்கத்துக் கடைக்காரி கைமாத்து கேப்பா. விடியறதுக்குள்ள அது செத்துப்போயிடும்."

மாடு மாதிரி நின்றேன். எனக்குத் தெரிந்த கணக்கு அவருக்கும் தெரியும், அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

பல வருடம் கழித்து இதே விஷயத்தை ஆராய்ச்சியாகவே பார்த்தேன். செந்தில் முல்லைநாதன் என்ற பொருளாதார அறிஞரும் சக ஆய்வாளர்களும் சந்தை வியாபாரிகளின் கந்துவட்டிக் கடனைத் தாங்களே மொத்தமாக அடைத்துவிட்டு, பிறகு என்ன நடக்கிறது என்று கவனித்தார்கள். சென்னையிலும் செய்தார்கள், பிலிப்பைன்ஸிலும் செய்தார்கள். பெரும்பாலானவர்கள் ஆறே வாரத்தில் பழையபடி கடனுக்குத் திரும்பிவிட்டார்கள். இதைப் படிக்கிறவர்கள் உடனே "பார், புத்தி மாறவில்லை" என்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கடன் போனதே தவிர, ஒரு காய்ச்சலையோ ஒரு கல்யாணச் செலவையோ தாங்குகிற மெத்தை எதுவும் அவர்கள் வீட்டில் இல்லை. முதல் அடி விழுந்ததும் வட்டிக்காரர் வீட்டுத் திண்ணைதான்.

இன்னொரு ஆய்வு உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகள். 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. கரும்பு வெட்டுவதற்கு முன்னால், கையில் காசு வறண்டு கிடக்கும் மாதத்தில் ஒரு முறை, வெட்டிப் பணம் வந்த பிறகு ஒரு முறை, அதே விவசாயிக்கு அதே மாதிரிப் புதிர்களைக் கொடுத்தார்கள். பணம் வந்த பிறகு தெளிவாகவும் வேகமாகவும் போட்டார்கள். ஆள் அதே ஆள்தான். முன்னால் பாதி மூளை நகை அடகுத் தேதியிலும் உரக்கடை பாக்கியிலும் மாட்டிக்கொண்டிருந்தது. நம்பிக்கை இல்லாவிட்டால் உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். ஆலைப் பணம் வருவதற்கு முந்தைய மாதம் அவர் வீட்டில் எப்படி எரிந்து விழுவார் என்று உங்கள் அம்மாவைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மனதை முதலில் சரிசெய்துவிட்டால் பணம் தானாக வரும் என்று வீடியோவில் சொல்கிறார்களே, என் அனுபவத்தில் அது பெரும்பாலும் தலைகீழ். முதலில் கொஞ்சம் மூச்சுவிட இடம் வேண்டும். இடம் வந்தால் மனம் பாதி தானாகவே நேராகிவிடும்.

உங்கள் மீதே உங்களுக்கு இருக்கும் அவநம்பிக்கைக்கு ஒரு கேள்வி. பிஎஃப் பாஸ்புக்கை எப்போதாவது திறந்து பார்த்தீர்களா? அடிப்படைச் சம்பளம் 30,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பங்கு 12 சதவீதம், 3,600. நிறுவனமும் அதே அளவு போடுகிறது, அதில் 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விட்டாலும் மீதி 2,350 உங்கள் பெயரில் சேரும். ஆக மாதம் குறைந்தது 5,950. 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம். நான்கு வருடம் வேலை பார்த்திருந்தால் மூன்று லட்சத்துக்கு மேல் சேர்த்திருக்கிறீர்கள். 'சேமிக்கவே தெரியாதவன்' என்று தன்னையே திட்டிக்கொள்கிற ஆள்தான் இதைச் சேர்த்தது. எப்படி முடிந்தது? அந்தக் காசு உங்கள் கைக்கே வரவில்லை. உங்கள் முந்தானையில் தூங்கவில்லை, அவ்வளவுதான்.

இதையே இன்னொரு முறை செய்யுங்கள். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியை விட்டு வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்குங்கள். அதை ஜிபே, போன்பே எதிலும் இணைக்காதீர்கள், ஏடிஎம் கார்டை ஊரில் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். சம்பளம் வந்த மறுநாள் காலை 4,000 ரூபாய் தானாக அங்கே போகும்படி உத்தரவு கொடுங்கள். இது முதலீடு இல்லை, பங்குச்சந்தை பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம். ஒரு மாதச் செலவு அங்கே சேரும்வரை அதைத் தொடாதீர்கள். அப்புறம் மூன்று மாதச் செலவு வரைக்கும் வளர்க்கலாம்.

எதற்கு என்று கேட்பீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது என் தங்கை ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் குடியிருந்தாள். அடையாறு வீட்டுக்குள் வந்துவிட்டது. ஃபிரிட்ஜ், பீரோ, மாப்பிள்ளையின் பைக், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போச்சு. அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு தண்ணீர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் சில வீடுகள் எழுந்து நின்றுவிட்டன, சில வீடுகள் அவசரத்துக்கு வாங்கிய ஐந்து வட்டிக் கடனை இரண்டு வருடம் கட்டிக்கொண்டிருந்தன. ஐந்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய், வருடத்துக்கு 60 சதவீதம். தங்கையிடம் 40,000 ரூபாய் ஒரு டெபாசிட்டில் கிடந்தது. பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வாரம் அவள் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. 2023-ல் மிக்ஜாம் புயல் வந்தபோது என்னிடம் போனில் "அண்ணா, இந்தத் தடவை ராத்திரி தூங்கினேன்" என்றாள். ஆரோக்கியமான மனநிலை என்று நீங்கள் கேட்டது ஏறக்குறைய இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, கார்டுக்கு வருவோம்.

நம் ஊரில் வட்டியை ரெண்டு வட்டி, மூணு வட்டி என்று மாதக் கணக்கில்தான் பேசுவோம். தெருமுனைக்காரர் மூன்று வட்டி கேட்டால் "அநியாயம்" என்று எழுந்து வந்துவிடுவோம். கிரெடிட் கார்டு பெரும்பாலும் மூன்றரை வட்டி, அதற்கு மேலும் உண்டு. வருடத்துக்கு 42 சதவீதம். அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. ஆங்கிலத்தில் அச்சடித்துப் பளபளப்பான அட்டையில் வருவதால் அது வட்டிக்கடையாகவே நமக்குத் தோன்றுவதில்லை.

உங்கள் பாக்கி 60,000 என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 2,100, ஜிஎஸ்டி 378, ஆக 2,478. பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஐந்து சதவீதம், 3,000 ரூபாய் போட்டிருப்பார்கள். நீங்களும் நிம்மதியாகக் கட்டிவிடுவீர்கள். கடனில் குறைந்தது 522 ரூபாய்! அதற்குள் புதிதாக ஒரு பிரியாணி ஆர்டரும் ஒரு செருப்பும் கார்டில் ஏறியிருக்கும்.

இதற்கு நான் சொல்லும் வழி கேட்பவர்களுக்குப் பிடிக்காது. வீட்டில் சும்மா கிடக்கும் சங்கிலியோ மோதிரமோ இருந்தால் வங்கியில் அடகு வைத்துக் கார்டை மொத்தமாக அடைத்துவிடுங்கள். வங்கி நகைக்கடன் சுமாராக வருடத்துக்கு 9 சதவீதம், அதாவது முக்கால் வட்டி. மூன்றரை வட்டியை முக்கால் வட்டியாக மாற்றுவதில் கௌரவக் குறைச்சல் ஏதும் இல்லை. ஆனால் அந்தச் சந்தை வியாபாரிகளை மறந்துவிடாதீர்கள், ஆறு வாரம். கார்டை அடைத்த அன்றே செயலியில் அதை முடக்கி வையுங்கள், வரம்பைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், உணவு, ஷாப்பிங் செயலிகளில் பதிந்து வைத்திருக்கும் கார்டு எண்ணை அழித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் அடைத்தால் நகையும் அடகில் இருக்கும், கார்டும் நிறைந்திருக்கும். அப்படி இரண்டையும் சுமந்துகொண்டு வந்த எத்தனையோ பேர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

அழுதவர்களில் பலருக்கும் தங்கள் மொத்தக் கடன் எவ்வளவு என்பதே தெரியாது. கேட்டால் "ஒரு ரெண்டு, ரெண்டரை இருக்கும் சார்" என்பார்கள். கூட்டிப் பார்த்தால் நாலேகால் லட்சம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். ஞாயிற்றுக்கிழமை காலை காபியோடு பத்து நிமிடம், எல்லாக் கணக்கையும் திறந்து, எண்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். செயலி வேண்டாம், கையால் எழுதுங்கள். முதல் மூன்று வாரம் வயிற்றைப் பிசையும், அப்புறம் பால் கணக்கு மாதிரி ஆகிவிடும்.

ஊருக்கு அனுப்பும் பணத்தைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். ஒரு மாதம் 8,000, ஒரு மாதம் 25,000, இன்னொரு மாதம் ஒன்றுமில்லாமல் குற்ற உணர்ச்சி. அனுப்புவதைக் குறையே சொல்ல மாட்டேன், அந்தக் கரும்புதான் உங்களைப் படிக்க வைத்தது. பெற்றவர்களுக்குச் செய்வதை 'சுமை' என்று பேசுகிற வீடியோக்கள் எந்த ஊருக்காக எடுத்தவை என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் தொகை ஆடிக்கொண்டே இருந்தால் அனுப்புகிறவருக்கும் நிம்மதி இல்லை, எதிர்பார்க்கிறவருக்கும் இல்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் நேரில் உட்கார்ந்து சொல்லுங்கள்: "அப்பா, மாசாமாசம் 12,000 ரெண்டாம் தேதி வந்துடும். அதுக்கு மேல வேணும்னா ஒரு மாசம் முன்னாடியே சொல்லுங்க, பேசி முடிவு பண்ணலாம்." போனில் சொல்லாதீர்கள், போனில் சொன்னால் கோபம் மாதிரிக் கேட்கும். பெரும்பாலான அப்பாக்கள் அந்த 12,000-ஐ விட அந்தத் 'தேதி'யைத்தான் பெரிதாக நினைப்பார்கள் என்பது என் அனுமானம். அறுவடை தவிர வேறெதுவும் அவர்களுக்குத் தேதியோடு வந்ததில்லை, அதுவும் சொன்ன தேதியில் வருவதில்லை.

மொய்யையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் மொய் நோட்டு இருக்கும். நமக்கு 2,000 வைத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் 2,000-க்குக் குறையாமல் வைத்தாக வேண்டும். அப்படியானால் அது திடீர்ச் செலவே இல்லை, எப்போதோ வாங்கிய வட்டியில்லாக் கடன். தை பிறந்தால், ஆவணி பிறந்தால் முகூர்த்தம் வரும் என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி அடைவது நாம் மட்டும்தான். வருடத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கிவிடுங்கள்.

பெரும்பாக்கத்து நண்பர் விஷயம். 50 லட்சம் கடன், 20 வருடம், 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை 43,400 ரூபாய்க்குப் பக்கத்தில். கட்டி முடிக்கும்போது மொத்தம் ஒரு கோடியே நாலு லட்சம். தப்பு என்று சொல்லவில்லை, அவருக்கு அது சரியாக இருக்கலாம், வீட்டில் இரண்டு சம்பளம் வரலாம். கிரகப்பிரவேசத்தில் உங்களுக்குக் காட்டியது பூஜை அறையும் பால்கனியும். தவணைத் தேதிக்கு முந்தின ராத்திரியை யாரும் அழைப்பிதழ் அடித்துக் காட்டுவதில்லை. உங்கள் 58,000-ல் அந்தத் தவணை போனால் ஊருக்கு அனுப்ப என்ன மிஞ்சும் என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

அவசரமாக ஆளாகிவிட வேண்டும் என்ற தவிப்பு இருக்கிறதே, அதை வைத்துப் பிழைக்கிற கூட்டம் எல்லாக் காலத்திலும் உண்டு. 1906-ல் இதே சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி, நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த அடியில் இருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, 1907 ஆகஸ்ட் 15-ல் இந்தியன் வங்கி பிறந்தது. தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்தபோது என் சொந்தச் சித்தப்பா ஓய்வூதியப் பணம் முழுவதையும் விட்டார். 24 சதவீதம் தருகிறேன் என்றவரை நம்பினார், வங்கியில் இருக்கும் என்னை நம்பவில்லை! 1997-ல் முதலீட்டாளர் நலன் காக்க மாநில அரசு தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. இன்றைக்கும் மாதம் பத்து சதவீதம் என்று யாராவது சொன்னால், விவரம் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். வங்கி டெபாசிட்டுக்கே காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான், 2020 பிப்ரவரிக்கு முன் வெறும் ஒரு லட்சம்.

'மனப்போக்கு' விற்கிற வகுப்புகளும் இந்தத் தவிப்புக்குத்தான் கடை போட்டிருக்கின்றன. என் அக்கா பையன் கூப்பிட்டான் என்று கிண்டியில் ஒரு ஓட்டலில் ஒரு நாள் வகுப்புக்குப் போனேன். கண்ணை மூடி 'நான் பணக் காந்தம்' என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன், ஏசி நன்றாக இருந்தது. மாலையில் அடுத்த கட்ட வகுப்புக்கு 45,000 என்று படிவம் நீட்டினார்கள், தவணையிலும் கட்டலாமாம். கடன் வாங்கிப் பணக்கார மனநிலை!

வளர்ச்சிக்குச் செலவே செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. 27 வயதில் உங்களுக்கு இருக்கும் பெரிய சொத்து இனி வரப்போகும் முப்பது வருடச் சம்பளம், அதை உயர்த்துவதற்குச் செய்யும் செலவு எந்த ஃபண்டையும் விட அதிகம் தரலாம். ஒரு வகுப்பில் சேருவதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை முடித்தால் இன்று எனக்குச் செய்யத் தெரியாத எந்த வேலையைச் செய்வேன்? பதிலில் ஒரு வேலையின் பெயர் வந்தால் சேருங்கள், 'தன்னம்பிக்கை வரும்' என்று மட்டும் வந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். 2010-ல் திறந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் சோற்றுக் கேரியரோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நான்கு சனிக்கிழமை உட்கார்ந்து பாருங்கள், யாரும் உங்களைக் காந்தம் ஆகச் சொல்ல மாட்டார்கள்.

பூக்கார அம்மா கதை பாதியில் நிற்கிறது. எங்கள் கிளையில் அப்போது கடை கடையாகப் போய்த் தினசரி டெபாசிட் வசூலிக்கிற ஏஜென்ட் ஒருவர் இருந்தார். சாயங்காலம்தான் வருவார். அந்த அம்மா அவரிடம் போட்ட ஒரே நிபந்தனை: "பதினோரு மணிக்கு வா. காலை வியாபாரம் முடிஞ்சு காசு என் கையில இருக்கும், வீட்டுக்காரர் எழுந்து வந்திருக்க மாட்டார்." தினம் பத்து ரூபாய் அவர் கையில் கொடுத்தார். மாதம் ஒரு முறை அதை எடுத்து முதலில் சேர்த்தார். ஐம்பது நாளில் கடன் தீரவில்லை. எட்டு மாதம் கழித்து, காலையில் வாங்கும் கடன் 1,000-ல் இருந்து 400-க்கு வந்திருந்தது. கார்த்திகை தீபத்துக்கு மல்லி விலை ஏறியபோது திரும்பவும் முழு ஆயிரம் வாங்கினார், தை முடிவதற்குள் மறுபடி 400-க்கு இறக்கினார். எனக்கு மாற்றல் வந்த அன்று வழியனுப்ப ஒரு முழம் கதம்பம் கொடுத்தார். காசு வாங்கிக்கொள்ளவில்லை. "இது கடன் வாங்காத பூ சார்" என்றார்.

உங்கள் கேள்வியில் சம்பளம், வாடகை, வயது எல்லாவற்றையும் எண்ணில் எழுதியிருக்கிறீர்கள், கார்டு பாக்கியை மட்டும் 'கொஞ்சம்' என்று எழுதியிருக்கிறீர்கள். 60,000 என்பது நானாக வைத்துக்கொண்டது. செயலியைத் திறந்து பார்த்துவிட்டு உண்மையான எண்ணை எழுதி அனுப்புங்கள், மீதிக் கணக்கைச் சேர்ந்து போடலாம்.